ஒரு பெயருக்கு ஓர் ஆள்

நெய்வேலி நகரியம் பதினெட்டாவது வட்டத்தில் செல்வகுமாரின் மனைவி திலகவதி ஒரு வியாழக்கிழமை காலையில் இரண்டு பேராக எழுந்தாள். ஒருத்தி வழக்கம்போல வாசல் தெளிக்கப் போனாள். இன்னொருத்தி வீட்டுக்குள்ளேயே செருப்புப் போட்டுக்கொண்டு ஹாலுக்கு வந்து, ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த செல்வகுமாருக்கு ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொன்னாள். முகம் அதே முகம். மோவாயில் இருந்த மச்சமும் அதே மச்சம். பால் பாக்கெட் போட வந்தவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து ஒரு பாக்கெட் கூடுதலாகப் போடட்டுமா என்று மட்டும் கேட்டார். நகரியத்தில் அடுத்தவர் வீட்டு விஷயத்தில் நேரில் தலையிடுவது மரியாதை இல்லை. தலையிட வேண்டியதையெல்லாம் வட்டத்து வாட்ஸ்அப் குழுவில் செய்துகொள்வார்கள்.

இதற்கெல்லாம் காரணம் குழந்தை. அவளுக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. பெயர் தமிழ்நிலா. அவள் பிறந்த சமயத்தில் செல்வகுமாருக்குத் தமிழ் மேல் ஒரு வேகம் இருந்தது. பெயர் வைத்ததோடு அது தீர்ந்துபோனது. மகளுக்குத் தமிழ் என்று பெயர் வைத்துவிட்டு அவள் வாயில் தமிழ் வராமல் காவல் காக்கிற குடும்பம் தெருவுக்கு ஒன்றாவது தேறும் என்பதால் இதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. செல்வகுமார் பக்கத்திலிருக்கும் வடக்குத்து கிராமத்துக்காரன். சுரங்கத்தில் பல வருடம் கான்ட்ராக்டில் இருந்து, பிறகு பெர்மனன்ட் ஆனவன். பெர்மனன்ட் ஆனதும் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் அவன் வாயிலிருந்து ‘வூடு’ போய் ‘வீடு’ வந்தது, கொஞ்ச நாளில் அதுவும் போய் ‘ஹவுஸ்’ வந்தது. வடக்குத்துக்கும் பதினெட்டாவது வட்டத்துக்கும் நடுவில் சைக்கிளில் போகிற தூரம்தான், ஆனால் அவன் அந்தப் பக்கம் கடல் இருப்பதைப்போல நடந்துகொண்டான்.

குழந்தையைச் சேர்க்க ஓர் ஆங்கிலப் பள்ளிக்குப் போனார்கள். அங்கே ஒரு டீச்சர் கிளிப் படத்தைக் காட்டி இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள். “கிளி” என்றது குழந்தை. டீச்சர் புன்னகை செய்தாள். தனியார் பள்ளி டீச்சர்களின் அந்தப் புன்னகைக்கு ஒரு குடும்பத்தையே கூனிக்குறுக வைக்கிற சக்தி உண்டு. நிலைமையைச் சரிசெய்யலாம் என்று திலகவதி, “வூட்ல நல்லா பேசிகினுதாங்க இருக்கும், புது எடம் இல்லீங்களா” என்றாள். வரிசையில் உட்கார்ந்திருந்த பெற்றோர் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப்பேர் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஆட்கள். அவர்கள் வீட்டிலும் அதே பேச்சுதான். இருந்தாலும் திரும்பிப் பார்த்தார்கள். வண்டியில் திரும்பி வரும்போதே செல்வகுமார் முடிவெடுத்துவிட்டான்: திங்கட்கிழமையிலிருந்து வீட்டில் ஆங்கிலம் மட்டும். திங்கட்கிழமையிலிருந்து நடைப்பயிற்சி, திங்கட்கிழமையிலிருந்து சர்க்கரை இல்லாத காபி என்று அவன் வாழ்நாளில் எடுத்த முடிவுகளில் நிறைவேறியது இது ஒன்றுதான்.

தமிழ்நிலாவுக்கு உலகத்தைப் பற்றி ஒரு தெளிவு இருந்தது. ஒரு பெயர் என்றால் ஒரு பொருள். நாய் என்றால் தெருவில் படுத்திருக்கும் நாய். அதைக் காட்டி அப்பன்காரன் ‘டாக்’ என்று சொன்னபோது, நாய்க்குத்தான் ஏற்கெனவே பெயர் இருக்கிறதே, அப்படியானால் டாக் வேறு எங்கேயோ இருக்கிறது என்று அவள் சுற்றுமுற்றும் தேடினாள். தேடிய திசையில் டாக் இருந்தது. குளித்துச் சீவிய உடம்பு, குரைக்காத வாய். செவ்வாய்க்கிழமை வாளிக்குப் பக்கத்தில் பக்கெட் வந்தது. சோறு வடித்த குண்டானுக்குப் பக்கத்தில் ரைஸ் ஒரு குண்டான் வந்தது. அது குழம்பு ஊற்றினால் சேராமல் தனித்தனியாக நின்றது, ஸ்பூனுக்கு மட்டும் கட்டுப்பட்டது. கொல்லையில் முருங்கை மரத்துக்கு எதிரே ‘ட்ரீ’ முளைத்தது. பழுப்புத் தண்டும் பச்சை உருண்டையுமாகப் படப்புத்தகத்தில் இருக்கிற மாதிரியே இருந்ததே தவிர, அது என்ன மரம் என்று தோட்டக்காரரால் சொல்ல முடியவில்லை. நல்லவேளையாக அந்த வீட்டில் முக்கால்வாசிச் சாமான்களுக்குத் தமிழ்ப் பெயர் எப்போதோ போய்விட்டிருந்தது. ஃபேன், ஃபிரிட்ஜ், சோபா, டிவி, சுவிட்ச், சார்ஜர் எல்லாவற்றுக்கும் குழந்தை அறிந்தது ஒரே பெயர்தான் என்பதால் அவை ஒன்றாகவே இருந்தன. இல்லாவிட்டால் அந்த இரண்டு அறை குவார்ட்டர்ஸ் தாங்கியிருக்காது.

புதன்கிழமை சாயங்காலம் செல்வகுமார் மனைவியைக் குழந்தை முன்னால் நிறுத்தி, “ஸே மம்மி” என்று குழந்தையிடம் சொன்னான். தன்னைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. அவன் தொலைநோக்குக்காரன், குழந்தை தொட்டிலில் கிடந்தபோதே தன்னை ‘டாடி’ என்று மட்டும் பழக்கியிருந்தான். குழந்தை ‘மம்மி’ என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு தூங்கப் போனது. மறுநாள் விடிந்தபோது நடந்ததைத்தான் முதலில் சொன்னது. குழப்பம் வராமல் இருக்க, வட்டத்தில் எல்லோரும் சொல்வதைப்போலவே பழைய ஆளைத் திலகவதி என்றும் புதிய ஆளை மம்மி என்றும் சொல்லலாம்.

பக்கத்து வீட்டு விஜயலட்சுமியின் வீட்டில் தெலுங்கும் தமிழும் பேசுவார்கள். அவள் மகள் பிறந்த நாளிலிருந்து இரண்டையும் கேட்டு வளர்ந்தவள். அவர்கள் வீட்டில் நாய் ஒன்றுதான். அதற்கு இரண்டு மொழியிலும் பெயர் உண்டு, இரண்டுக்கும் வாலாட்டும். விஜயலட்சுமி காம்பவுண்டு சுவரில் கையை வைத்துக்கொண்டு, “எங்க வீட்டுல இப்படியெல்லாம் ஒண்ணும் ஆகலீங்களே. ஒருநாள் காலையில ஒரு பாஷையைப் பூட்டிட்டு இன்னொண்ணைத் திறந்தா பாவம், குழந்தை என்ன பண்ணும்?” என்றாள். செல்வகுமார் அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டான். ஆனாலும் கடலூரில் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற சத்யப்பிரியாவிடம் எல்லோருமாகப் போனார்கள். சத்யப்பிரியா இரண்டு திலகவதிகளுக்கும் நாற்காலி போடச் சொன்னாள். “புதுப் பேர் கேட்டா அது வேற பொருள்னு எடுத்துக்கிறது இந்த வயசுல சகஜந்தாங்க. பொதுவா குழந்தை மனசுக்குள்ள நடக்கும். உங்க வீட்டுல வெளியில நடக்குது, அவ்வளவுதான். வளர வளர ரெண்டும் ஒண்ணுன்னு எதை நினைக்கிறாளோ, அது ஒண்ணாயிடும். அதுவரைக்கும் ரெண்டு மொழிப் பேரும் காதுல விழணும். எந்தப் பேரை மறக்கிறாளோ, அந்தப் பேருக்கு உண்டானது நிக்காது” என்றாள். இவ்வளவு பேச்சில் கடைசி வாக்கியத்தை மட்டும் செல்வகுமார் மறக்காமல் வைத்துக்கொண்டான். வீட்டில் தமிழ்த் தடை முன்னைவிட இறுகியது.

அவனைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. சொன்னால் வட்டத்தில் பாதிப்பேருக்கு அந்தப் பட்டம் போய்ச் சேரும். மம்மியால் எல்லாம் சௌகரியமாக இருந்தது. பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு மம்மி போனாள். அந்தப் புன்னகை டீச்சர் எழுந்து நின்று பேசினாள். அதிகாரி வீட்டு வரவேற்புக்கு மம்மியை அழைத்துப் போனான். அதிகாரியின் மனைவி மம்மியிடம் சமையல் குறிப்பு கேட்டாள். மம்மிக்குச் சமைக்கத் தெரியாது. சமையல், துணி, பாத்திரம், ரேஷன் கடை வரிசை எல்லாம் திலகவதிக்கு என்று சொல்லாமலே பிரிந்தது. குழந்தை முன்னால் அவள் வாயைத் திறக்கக் கூடாது என்றானது. ஒருநாள் செல்வகுமாரின் சக ஊழியர்கள் வந்திருந்தபோது, தட்டில் டீ கொண்டுவந்த திலகவதியை, “வீட்டு வேலைக்கு வர்றவங்க” என்று சொன்னான். முகம் இரண்டும் ஒன்றாக இருந்ததை வந்தவர்கள் கவனித்தார்கள். கவனித்துவிட்டு டீயை எடுத்துக்கொண்டார்கள். திலகவதி அடுப்படிக்குப் போய் மிச்ச டீயைச் சிங்க்கில் கொட்டினாள். அவளுக்கு அவமானத்தைவிடத் தன்மேலேயே கோபம் அதிகமாக இருந்தது. மம்மி என்று கூப்பிடச் சொன்னபோது அவளும் ஆசையாகத்தானே குழந்தை முன்னால் நின்றாள்!

பிறகு பழையவை போகத் தொடங்கின. ‘கிளி’ என்ற சொல் குழந்தைக்கு மறந்த அன்று, கொல்லை மதிலுக்கு வரும் கிளிகள் வரவில்லை. பேரட் மட்டும் கூண்டோடு இருந்தது. வாளி ஒரு மத்தியானம் தண்ணீரோடு போனது. சோறு போன பிறகு அந்த வீட்டில் எல்லோரும் ரைஸ் சாப்பிட்டார்கள், யாருக்கும் பசி அடங்கவில்லை. தனக்கு அடுத்தது என்ன என்று திலகவதிக்குத் தெரிந்தது. ‘அம்மா’ என்ற சொல் குழந்தை வாயில் வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்திருந்தது. அவள் விரல் பட்டால் செல்போன் திரை நகரவில்லை. திருவதிகைக்குத் தன் அம்மா வீட்டுக்குப் போகையில் பஸ்ஸில் சீட் காலியாகத்தான் இருக்கிறது என்று நினைத்து ஒருவர் அவள் மடியிலேயே உட்காரப் போனார். கண்ணாடியில் அவள் முகத்தின் வழியாகவே பின்னால் இருந்த காலண்டரின் தேதி படிக்கத் தெரிந்தது. செத்துப்போனால்கூட மாலை போட்டுப் படம் மாட்டுவார்கள், இப்படிப் போனால் இருந்ததற்கே சாட்சி இருக்காது என்று நினைத்து அவள் பயந்தாள். அவள் போனால் மகளுக்குத் தாய் இல்லாமல் போகாது என்பதுதான் அந்தப் பயத்திலேயே பெரிய பயம்.

இதை முதலில் கவனித்தது மம்மி. மம்மிக்கும் நிம்மதி இல்லை. ஒரு வியாழக்கிழமை பிறந்தவளுக்குப் புதன்கிழமை ஞாபகம் எப்படி இருக்கும்? அவளுக்குப் பள்ளி இல்லை, தோழி இல்லை, பிறந்த வீடு இல்லை. நன்றி சொல்லவும் மன்னிப்புக் கேட்கவும் வானிலை பேசவும் வார்த்தைகள் இருந்தன. கோபம் வந்தால் தொண்டை வரை வந்து, ‘இட்ஸ் ஓகே’ என்று வெளியேறியது. டாடி ஷிப்டுக்குப் போன பிறகு அவள் அடுப்படிக்கு வந்து நிற்க ஆரம்பித்தாள். திலகவதி முதலில் முகம் கொடுக்கவில்லை. “இன்னாத்துக்கு நிக்கிற? போய் சோபால குந்து” என்றாள். மம்மி போகவில்லை. வெங்காயம் உரித்தாள். உரிக்கத் தெரியாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றவளைப் பார்த்ததும் திலகவதிக்கு மனது இளகிவிட்டது. தன் முகம் அழுவதை எதிரில் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் வீம்பாக இருக்க முடியும்? வெங்காயம், அருவாமனை, கரண்டி என்று தொடங்கிய பாடம் ஒரு மாதத்தில் வசவு வரைக்கும் வந்தது. மம்மி முதன்முதலாகத் தப்பில்லாமல் திட்டியது டாடியைத்தான். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதன்பின் மம்மி திலகவதியை ‘அக்கா’ என்று கூப்பிட்டாள்.

ஆவணி மாதத்தில் செல்வகுமார், திலகவதி கொஞ்ச நாள் திருவதிகையில் போய் இருந்துவிட்டு வரட்டும் என்றான். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று அவள் கேட்டாள். குழந்தைக்கு மறக்கிற வரைக்கும் என்று அவன் சொல்லவில்லை. ஃபேனின் வேகத்தைக் கூட்டினான். திலகவதி பையில் துணியை அடுக்கிவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். “நான் இப்ப போனன்னா திரும்பி வரமாட்டன். பஸ்ஸு பண்ருட்டி தாண்டறதுக்குள்ள இல்லாம பூடுவன். நீயாவது கொழந்தைக்கு எண்ண தேச்சி உடு” என்றாள் மம்மியிடம். மம்மி நேராகக் குழந்தையிடம் போனாள். தமிழ்நிலா ‘அப்பா’ என்ற சொல்லைக் கேட்டிருக்கிறாள். அது மற்றப் பிள்ளைகள் வீட்டில் இருக்கிற ஏதோ ஒன்று, தன் வீட்டில் டாடிதான் உண்டு என்று நினைத்திருந்தாள். மம்மி அவளை மடியில் வைத்துக்கொண்டு, கடன் வாங்கிய திருவதிகைத் தமிழில் ரகசியமாகச் சொன்னாள்: “உனுக்கும் ஒரு அப்பா கீறாரு கண்ணு.”

விடிந்ததும் அப்பா இருந்தார். லுங்கி, பழைய பனியன், விரல் இடுக்கில் சுரங்கக் கரி. “இன்னா திலகா, பைய கட்டிகினு எங்க கெளம்பிட்ட? வூட்ல டீத்தூளு கீதா இல்லியா?” என்றார். கான்ட்ராக்டில் இருந்த காலத்தில் திலகவதியைக் கட்டிக்கொண்டவன் இவன்தான். அவள் பையிலிருந்து எழுந்தாள். டாடி மட்டும் சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்தான். அப்பா ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வடக்குத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, இத்தனை நாள் வராததற்குச் சத்தமாகத் திட்டு வாங்கினார். அந்தச் சத்தம் நாலு குவார்ட்டர்ஸ் தாண்டிக் கேட்டது. குழந்தைக்கு அப்பாவைப் பிடித்துப்போனது. தோளில் தூக்கிக்கொள்கிற ஆள் அவர்தான். ஒரு வாரத்தில் ‘டாடி’ என்ற சொல் தேய ஆரம்பித்தது. சுரங்க வாசலில் செல்வகுமார் விரல் வைத்தபோது அட்டெண்டன்ஸ் மெஷின் அவனை ஏற்கவில்லை. மறுபடி வைத்தான், அழுத்தி வைத்தான், ஏற்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர் அவன் வழியாகவே கையை நீட்டித் தன் விரலை வைத்துவிட்டு உள்ளே போனார்.

அன்று சாயங்காலமே செல்வகுமார் இருமொழிக் கொள்கைக்கு மாறினான். தாய்மொழி என்பது எவ்வளவு முக்கியம், கூடவே ஆங்கிலமும் எவ்வளவு அவசியம் என்று அப்பாவையும் இரண்டு பெண்களையும் உட்காரவைத்துப் பேசினான். கைத்தட்டல் மட்டும்தான் குறை. மம்மி அவனை முழுக்கப் பேசவிட்டுவிட்டு, “எங்கக்கா எங்கியும் போவமாட்டாங்க. குழந்தை தெனம் அம்மான்னு கூப்பிடணும். அப்பத்தான் டாடின்னு கூப்பிடும். புரிஞ்சிதா?” என்றாள். அவனுக்குப் புரிந்தது. வாளி திரும்பி வந்தது, போன அன்று இருந்த தண்ணீர் அப்படியே இருந்தது. சோறு வந்ததும் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். திலகவதியின் விரலுக்குச் செல்போன் திரை நகர்ந்தது.

அப்பா வந்ததால் திலகவதிக்குப் பழைய நாள் திரும்பிவிட்டது என்று வட்டத்தில் சிலர் நெகிழ்ந்தார்கள். அவர்கள் அந்த வீட்டு அடுப்படியைப் பார்த்ததில்லை. பத்துப் பதினைந்து நாளில் அவளுக்கே தெரிந்துவிட்டது. டாடி டீ கேட்கும்போது ‘ப்ளீஸ்’ சேர்ப்பான். அப்பா சேர்க்க மாட்டார். மற்றபடி இருவரும் ஒரே சோபாவில் ஒரே பக்கம் காலை நீட்டினார்கள், குடித்த டம்ளரை ஒரே இடத்தில் வைத்தார்கள், அது தானாக நடந்து போய்க் கழுவிக்கொள்ளும் என்று ஒரே மாதிரி நம்பினார்கள். கான்ட்ராக்டில் இருந்தபோதும் இப்படித்தான் இருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பேச்சை மாற்றினால் ஆள் மாறிவிடுவான் என்று செல்வகுமார் நம்பினான், பேச்சைத் திருப்பினால் ஆள் திரும்பிவிடுவான் என்று அவளும் கொஞ்சம் நம்பியிருந்தாள். இரண்டும் பொய்யானதில் அவளுக்கு ஒரு வாரம் வருத்தம் இருந்தது, பிறகு இல்லை.

தமிழ்நிலாவுக்கு ஐந்து வயது முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விஷயம் பிடிபட்டது. நாயையும் டாக்கையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ரெண்டும் ஒண்ணுதான், பேருதான் ரெண்டு” என்றாள். நாய் ஒன்றாகித் தன் காதைச் சொறிந்துகொண்டு போனது. வாளியும் பக்கெட்டும் ஒன்றாயின. மரமும் ட்ரீயும் ஒன்றாகி, உருண்டைத் தலையோடு முருங்கைக்காய் தொங்கியது. கொல்லையிலிருந்து ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு அவள் வீட்டுக்குள் வந்தாள். சத்யப்பிரியா சொன்னது பெரியவர்கள் நாலு பேருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு பேர் ஒருத்தியானால் எந்த ஒருத்தி மிஞ்சுவாள் என்று சத்யப்பிரியா சொல்லியிருக்கவில்லை.

குழந்தை முதலில் சோபாவைப் பார்த்தாள். இரண்டு ஆண்களும் காலை மடக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் அதிகம் யோசிக்கவில்லை. “ரெண்டு பேரும் டீ கேக்குறாங்க, ரெண்டு பேரும் டம்ளரை எடுக்க மாட்டாங்க. ஒரே ஆளு” என்றாள். சோபாவில் லுங்கியும் ஷூவுமாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். ப்ளீஸ் போடுவதா வேண்டாமா என்று அவனுக்கே தெரியாததால் டீ கேட்பதைத் தள்ளிப்போட்டான்.

பிறகு அவள் அடுப்படிக்கு வந்தாள். திலகவதியும் மம்மியும் மேடையை ஒட்டி நின்றிருந்தார்கள். “நான் பூட்டன்னா சனிக்கெழம தவறாம கொழந்த தலைக்கு ஊத்து. சீக்கா கண்ணுல படாம பாத்துக்க” என்றாள் திலகவதி. “நான் போயிட்டா ஸ்கூல் மீட்டிங்குக்கு நீங்கதான் போவணும்க்கா. அந்த டீச்சர் சிரிச்சா நீங்களும் சிரிங்க. பயப்படாதீங்க” என்றாள் மம்மி. திலகவதியால் தாங்க முடியவில்லை, அழுதுவிட்டாள். மம்மி தன் புடவைத் தலைப்பை எடுத்து அவள் முகத்தைத் துடைத்தாள். தமிழ்நிலா இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். நாய்க்கு எடுத்துக்கொண்டதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

“இவங்க ஒண்ணு இல்ல” என்றாள். “ஒருத்தர் அழுவுறாங்க, இன்னொருத்தர் தொடச்சி உடுறாங்க. ஒண்ணா இருந்தா யார் தொடைப்பாங்க?”

சொல்லிவிட்டுப் பசிக்கிறது என்றாள். இருவரும் அப்படியே இருந்தார்கள். இப்போதும் இருக்கிறார்கள். பள்ளிக்கூடக் கூட்டத்துக்குத் திலகவதிதான் போகிறாள், தன் பேச்சிலேயே பேசுகிறாள். மம்மி ரேஷன் கடை வரிசையில் நின்று, இடையில் புகுந்து இடம் பிடிக்க வருகிறவர்களைத் திருவதிகைத் தமிழில் விரட்டுகிறாள். செல்வகுமார் தன் டீயைத் தானே போட்டுக்கொள்கிறான், சுமாராக இருக்கும். வாசலில் நின்று ‘அம்மா’ என்று தமிழ்நிலா கூப்பிட்டால் இரண்டு பேரும் வருகிறார்கள். ‘மம்மி’ என்று கூப்பிட்டாலும் இரண்டு பேரும் வருகிறார்கள். கை ஓய்வாக இருப்பவள் அவளைத் தூக்கிக்கொள்கிறாள்.